பதவியேற்பும் ஒரு மாப்பிள்ளை கோட்டும்

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு, தங்கை வணங்கி எழுதுவது. இங்கு அவரும் நானும் நலம். அங்கு அண்ணியின் முட்டிவலியும் உங்கள் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் மரியாதை குறைந்துவிடும் என்று நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. உங்கள் வீட்டில் தங்கிப் படித்த என் மகள் உங்கள் ஊர் நகராட்சித் தேர்தலில் நிற்கப்போகிறாளாம், நான் கண்டித்து எழுத வேண்டுமாம். கண்டிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு முன் நேற்று நான் வேலை செய்யும் தையல் கடையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு விவரம் தெரிந்த பிறகு முதல்முறையாக நம் நாட்டில் ஒரு பெண் பிரதமராகப் பதவியேற்றார் அல்லவா, அதை மெஷின்மேல் போனைச் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசியின் அடியில் ஒரு மாப்பிள்ளையின் கோட்டு, சாயங்காலம் கல்யாணம். அந்தம்மா மேடைக்கு வந்ததும் என் கண் ரவிக்கைக்குத்தான் போனது. இடது தோள் அரை அங்குலம் இறக்கம். இவ்வளவு பெரிய நாளுக்கு எவளோ அவசரத்தில் தைத்திருக்கிறாள், பாவம். ஆனால் அவர் உறுதிமொழி சொல்ல ஆரம்பித்ததும் தோளாவது மண்ணாவது, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மைதானம் நிறைய ஜனம், ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று எனக்கும் அண்ணிக்கும் நீங்கள்தானே சொல்லி அனுப்புவீர்கள்? அந்த நாட்டிலா இது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நாட்டுப்பண் ஒலித்தது, எழுந்து நின்றேன். நின்றது சரி, வலது கால் பெடலிலேயே இருந்திருக்கிறது. பாட்டு முடிவதற்குள் கோட்டுக் கையின் வாயை மெஷின் முழுக்கத் தைத்து மூடிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்து கோட்டை மாட்டினார். ஒரு கை வெளியே வரவில்லை. முதலாளியம்மா கத்த வந்தவர், என் கண்ணீரைப் பார்த்துவிட்டு, "போன்ல இருக்கிற அந்தம்மா உனக்குச் சொந்தமா?" என்றார்.

"ஆமாங்க, நெருங்கின சொந்தம்" என்று சொல்லிவிட்டேன்.

"முன்னாடியே சொன்னா லீவு குடுத்திருப்பேனே" என்று அவரே உட்கார்ந்து தையலைப் பிரித்தார். மாப்பிள்ளை சிக்காத கையை நீட்டி எனக்கு வாழ்த்துச் சொன்னார்.

நிற்க. மகள் விஷயத்தில் உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? நீங்கள் வேண்டாம் என்றால் எனக்கும் வேண்டாம்தான். "அரசியல் நமக்கெதுக்கு, மாமா சொல்றதக் கேளு" என அம்மா கண்டிப்பாக எழுதியிருக்கிறாள் என்று அவளிடம் சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் சொல் தட்டாத
தங்கை

பி.கு.: நேற்றே அவளுக்குப் போன் செய்து மனுத் தாக்கல் செய்யச் சொல்லிவிட்டேன். முன்மொழிய உங்கள் தெருவில் ஓட்டு உள்ள ஒருவர் வேண்டும் என்றாள். அண்ணி கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம்.