கலியாணத்துக்கு அடித்த துக்க மணி

கரம்பொன்,
சனி பின்னேரம்.

ரொறன்ரோவில் வசிக்கும் என் அன்புக்குரிய மருமகன் மிரோஜனுக்கு, மாமா சில்வெஸ்ரர் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உமது மாமி அன்ரனிட்டாவும் உமது மச்சாள் கிறிஸ்ரினாவும் உடம்பளவில் சுகம். மனதளவில் எப்படி என்பதைக் கீழே விபரமாக எழுதியுள்ளேன். அங்கே உமது வேலை, அம்மாவின் முழங்கால், பனி எல்லாம் உங்களுக்கு அனுகூலமாக இருக்கும் என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே "ஓகே மாமா" என்று வைத்துவிடுவீர். ஆகையால் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். அவசரப்படாமல் ஆறுதலாக வாசிக்கவும்.

எங்கள் மாதா கோவில் மணி தானாக அடிக்க நீர் சி மொழியில் எழுதி அனுப்பிய நிரல் நல்ல நிரல். அதில் நான் குறை பிடிக்கமாட்டேன். ஆனால் மணியின் மோட்டரை ஆட்டும் மின் அட்டை கோவிலின் பழைய கணினியில் மட்டும்தான் குந்தும், நிரலைக் கணினிக்கு விளங்கவைக்க அதில் ஓடும் கொம்பைலரோ நீர் பிறக்க முன்னமே வாங்கியது. நீர் நிரல் முழுக்க bool, bool என்று எழுதித் தள்ளியிருந்தீர். ஓம், இல்லை என்ற இரண்டை மட்டும் வைத்திருக்கும் அந்த வகை சி மொழிக்குள் 1999இல்தான் வந்து சேர்ந்தது. எங்கள் கொம்பைலர் அதற்கு மூத்தது, ஆகவே முதல் வரியிலேயே ஆளைத் தெரியாது என்று நின்றுவிட்டது. மின்சார வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் இதற்கெல்லாம் மலைப்பானா? ஒரு பைற்று அளவான பெட்டி ஒன்றை எடுத்து, அதற்கு bool என்று பெயர் வைத்து, ஓமுக்கு ஒன்று, இல்லைக்குச் சுழியம் என்று எழுதிக் கொடுத்தேன். கொம்பைலர் மறு பேச்சில்லாமல் விழுங்கியது. எங்கள் பங்குப் பாதர் என் தோளில் தட்டினார். நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன் என்பது உண்மை.

அன்று தொட்டுக் காலை மணி, மத்தியான மணி, பூசை மணி ஒன்றும் பிசகவில்லை. சிறப்பு மணிக்கு நீர் வைத்த முறை உமக்கு ஞாபகம் இருக்கும்: பொத்தானை அமுக்கினால் கலியாணச் சுவிச்சு போட்டிருக்கிறதா என்று நிரல் பார்க்கும், ஓம் என்றால் சந்தோச மணி, இல்லை என்றால் துக்க மணி. இடையில் வந்த செத்தவீடுகளுக்கெல்லாம் மணி என்ன அழகாக அடித்தது தெரியுமோ! பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்கா, "தம்பி, எனக்கும் இப்பிடியே அடிச்சு விடும்" என்று சொல்லி வைத்திருந்தா. இடையில் கலியாணம் ஒன்றும் வரவில்லை. முதல் கலியாணம் என் மகளுடையது.

மாப்பிள்ளை றெக்ஷன் அல்லைப்பிட்டிப் பெடியன், சொந்தப் படகு, தங்கமான குணம். கிறிஸ்ரினா காரால் இறங்கி ஒரு காலை நிலத்தில் வைக்க, நான் உள்ளே போய்ச் சுவிச்சைப் போட்டுப் பொத்தானை அமுக்க, டங் என்று ஒன்று அடித்து, ஆற அமர ஓய்ந்து, திரும்ப டங் என்று ஒன்று. துக்க மணி! பாண்ட்காரர் பழக்கதோசத்தில் சந்தோசப் பாட்டை நடுவில் விட்டுவிட்டுச் சவ ஊர்வலப் பாட்டை எடுத்துவிட்டார்கள். கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் மேலுக்குச் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு முகத்தைத் தொங்கவிட்டபடி வந்தார்கள். பரிமளம் அக்கா வெள்ளைச் சேலையோடு ஓடிவந்து, செத்தது ஆர் என்று கேட்காமலே என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. சவக்காலையில் குழி வெட்டுகிறவர் மண்வெட்டியோடு வந்து, "அண்ணை, ஆள் நெட்டையோ கட்டையோ?" என்று விசாரித்தார். நானோ மெசினோடு மல்லுக்கட்டுகிறேன். அது தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் நிற்கும். அப்படித்தானே நீர் எழுதியிருக்கிறீர்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விசயம். மாப்பிள்ளையின் தாய் சூசையம்மா சிரிக்கவில்லை. போர்க்காலத்தில் கணவனைப் பறிகொடுத்த மனுசி அவர். கோவில் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். "அண்ணை, இந்த மணியை எங்கட ஊரில கேட்டதே போதும். என்ர பிள்ளையின்ர கலியாணத்திலயும் இதைக் கேட்டுக்கொண்டு நிக்க எனக்கு ஏலாது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வந்த வாகனத்தில் ஏறிவிட்டார். தாயை விட்டுவிட்டு றெக்ஷன் எப்படி நிற்பான்? கலியாணம் நின்றுபோனது. வெட்கமாக இருந்தது, அதைவிட நெஞ்சு நொந்தது. கிறிஸ்ரினா அழவில்லை. வீட்டுக்கு வந்து சேலையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, "அப்பா, இனி அந்த மெசினைத் தொடாதேங்கோ" என்றாள்.

தொட்டேன். பாதரிடம் கேட்டுக் கணினியை வீட்டுக்கே கொண்டுவந்து, ஒரு கிழமையாக அதன் முன்னால் இருந்து பிழையைப் பிடித்துவிட்டேன். மெசினில் சுவிச்சுகள் ஒன்பது, ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இரு மடங்கு எண்ணை அனுப்பும். ஒன்று, இரண்டு, நாலு என்று ஏறிப்போய், ஒன்பதாவதான கலியாணச் சுவிச்சு இருநூற்றைம்பத்தாறை அனுப்பும். உமது புதிய கொம்பைலரின் bool, சுழியம் இல்லாத எதைக் கொடுத்தாலும் ஒன்று என்றே வாங்கி வைக்கும். ஆகவே உமது மடிக்கணினியில் சந்தோச மணி. என்னுடைய பெட்டியில் இருநூற்றைம்பத்தைந்துக்கு மேல் கொள்ளாது. ஒன்று கூடினால் வெறும் சுழியம்தான் மிஞ்சும். கலியாணம் வந்து கதவைத் தட்ட, என் பெட்டி இல்லை என்று சொல்லிவிட்டது. பெயரை மட்டும் bool என்று வைத்தால் அதன் குணமும் வந்துவிடும் என்று நினைத்தது என் மடைத்தனம்.

இப்போது நிரலின் தொடக்கத்தில் சேரும் தலைக்கோப்பில் ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறேன். கொம்பைலர் புதியது என்றால் அதன் சொந்த bool, பழையது என்றால் என் பெட்டி. பெட்டிக்குள் போடும் இடத்தில் எல்லாம் முதலில் சுழியமா இல்லையா என்று கேட்டு, வரும் மறுமொழியை மட்டும் போடுகிறேன். இனி எந்தக் கணினியிலும் ஓம் என்றால் ஓம்தான். கோப்பையும் படம் பிடித்து அனுப்புகிறேன். நீர் ஒருக்கால் பார்த்துச் சரி என்று எழுதினால், சூசையம்மாவைக் கையோடு கூட்டிவந்து சந்தோச மணியை அவர் காதாலேயே கேட்க வைத்து, அதற்குப் பிறகு நாள் குறிக்கலாம் என்று இருக்கிறேன். என் பிள்ளையின் வாழ்க்கை உமது மறுமொழியில் தங்கியிருக்கிறது. தாமதிக்க வேண்டாம்.

மாதா உம்மையும் அம்மாவையும் குளிரில் இருந்தும் கடனில் இருந்தும் காப்பாராக. மாமியும் மச்சாளும் இந்த நாட்களில் என்னோடு அதிகம் கதைப்பதில்லை. ஆகையால் அவர்களுடைய சுகவிசாரிப்பையும் நானே எழுதிவிடுகிறேன்.

அன்புள்ள மாமா,
சில்வெஸ்ரர்

பி.கு.: கையெழுத்துப் போட்டுவிட்டு எழும்பினால், உமது மாமி பட்டுச்சேலையோடு குசினி வாசலில் நிற்கிறா. "இஞ்சருங்கோ, இன்னும் வெளிக்கிடேல்லையோ? ஐஞ்சு மணிக்குப் பிள்ளைக்குக் கலியாணம்!" கிறிஸ்ரினா தலைக்குப் பூ வைத்தாயிற்று. எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்றேன். "ஏன் சொல்லேல்லை? புதன்கிழமை சூசையம்மா இஞ்ச வந்து, உங்களுக்கு முன்னால கதிரையில இருந்து, 'அண்ணை, அண்டைக்கு நான் அவசரப்பட்டிட்டன், வாற சனி வைப்பமோ' எண்டு கேட்டவ. நீங்கள் தலையை நிமித்தாமல் ஓம் எண்டனீங்கள்." ஆகவே நீர் கோப்பைப் பார்க்கத் தேவையில்லை. மணியை றெக்ஷனின் சிநேகிதர்கள் கயிற்றால் இழுப்பார்களாம். இந்த மெசின் இனிக் கோவில் படியே ஏறக்கூடாது என்று சூசையம்மா ஒரு நிபந்தனையும் போட்டாவாம். அதற்கும் நான் ஓம் என்றேனாம்.