வூட்டு ஸ்கூல் வாத்தியார்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த மாரியப்பன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த மறுநாளே, அவன் மனைவி சுகிர்தம் ஒரு காலிக் கூடையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவளுக்குத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன்கடை. காசிமேட்டிலிருந்து கூடை தூக்கிவர ஓர் ஆள் தேவைப்பட்டது. சும்மா இருக்கும் புருஷனைவிடத் தோதான ஆள் எங்கே கிடைப்பான்?

அந்த நிமிஷத்தில்தான் மாரியப்பனுக்குக் கல்வியின் மேல் அக்கறை பிறந்தது.

"சுகிர்தம், நம்ம சினேகாவ இனிமே ஸ்கூலுக்கு அனுப்பப் போறதில்ல."

"இன்னாயா ஒளர்ற? பத்தாவதுல நானூத்தி எழுவது எட்துகீது பொண்ணு."

"அதாம்மே சொல்றேன்! இம்மாம் அறிவ ஸ்கூல்ல போட்டா வீணாப் பூடும். போன்ல பாத்தேன். வூட்லயே அப்பங்கிட்ட படிச்ச பையனுக்கு ஃபாரின்ல பெரிய யூனிவர்சிட்டில சீட்டு குட்துகீறான். நூறு பேரு கேட்டா நாலு பேருக்குத்தான் தருவானாம். இனிமே நாந்தான் வாத்தியாரு. வாத்தியாரு மீன் கூடை தூக்குனா நல்லாவா கீது?"

சுகிர்தம் கூடையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். கடைசியில் மகளைப் பார்த்தாள். சினேகா லேசாகத் தலையாட்டினாள்.

"சரிய்யா. நீ வாத்தியாரு. நான் ஹெட்மாஸ்டரு."

இவ்வளவு சுலபமாக வேலை முடியும் என்று மாரியப்பன் எதிர்பார்க்கவில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

கரும்பலகை வந்தது. பிரம்பு வந்தது. முதல் வகுப்பு இங்கிலீஷ்.

"ஐ கோ. யூ கோ. ஹீ கோ."

"ஹீ கோஸ், நைனா."

"கோஸ் வாணாம்மா, வாயு. உங்கம்மாவ கத்திரிக்கா போடச் சொல்லு."

கணக்கு வகுப்பில் ஒரு கன்டெய்னரின் எடையை விளக்க ஆரம்பித்து, கண் சொக்கி, நாற்காலியிலேயே சாய்ந்தான். அவன் விட்ட குறட்டையில் சுண்ணாம்புக்கட்டி உருண்டு கீழே விழுந்தது. அன்றிலிருந்து அதுவே கால அட்டவணை ஆயிற்று. பதினோரு மணிக்கு வாத்தியார் படுப்பார், மூன்று மணிக்கு எழுந்து, "எல்லாம் புரிஞ்சுதா?" என்பார்.

அந்த நாலு மணி நேரத்தில்தான் பள்ளிக்கூடம் நடந்தது. ஹெட்மாஸ்டர் மகளைத் திறந்தநிலைப் பள்ளிப் பரீட்சைக்குப் பதிவு செய்தாள், நூலகத்தில் சேர்த்தாள். சினேகா பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு நெட்டுக்குப்பத்துக்குப் போய், அனல்மின் நிலையத்துச் சுடுநீர் கலக்கும் கழிமுகத்தில் தண்ணீர் எடுத்தாள். எந்த மாசம் தண்ணீர் எவ்வளவு சுடுகிறது, எந்த மாசம் வலை வெறுமனே வருகிறது என்று வலைக்காரர்களைக் கேட்டுக் கேட்டு ஒன்றரை வருஷம் ஆராய்ச்சி நோட்டு எழுதினாள்.

விண்ணப்பிக்கும் நேரம் வந்தது.

"நைனா, நீ போட்ட நூத்துக்கு நூறெல்லாம் அங்க செல்லாது. வெளிப் பரீட்சை மார்க்குதான் வேணும். வூட்ல பாடம் எப்டி நடந்துச்சுன்னு ஹெட்மாஸ்டர் லெட்டரும் வேணுமாம்."

சுகிர்தம் பக்கத்து வீட்டுக் கமாலுதீனிடம் போனாள். துறைமுகக் கம்பெனி ஒன்றில் இங்கிலீஷ் கடிதம் அடிப்பவர் அவர். அவள் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். மூன்று பக்கம்.

"என்னப் பத்தி எதுனா எழுதினியாம்மே?" மாரியப்பன் குழைந்தான்.

"மூணு பக்கமும் நீதான்யா."

உருகிப் போனான்.

ஆனால் பதில் வராத அந்த மாதங்களில் உள்ளுக்குள் ஆடிப்போனான். சினேகாவின் தோழிகள் யூனிபாரத்தில் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கூடைக்குப் பயந்து பொண்ணு வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோமோ? ஒருநாள் மதியம் தூங்கக்கூட இல்லை. வீடே பயந்துவிட்டது.

மார்ச்சில் மெயில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. சினேகா கத்திய கத்தலில் தெருவே ஓடிவந்தது. மாரியப்பன் அழுதான், சிரித்தான், கமாலுதீனைத் தூக்கிச் சுற்றினான். மறுநாளே பேனர் வைக்கக் கிளம்பினான். கூலிங்கிளாஸ் போட்ட தன் படம் பெரிசாக, மகள் படம் ஓரமாக.

"மெயில்லேர்ந்து இங்கிலீஷ்ல ஒரு வரி போட்டா கெத்தா இருக்கும்மே."

சினேகா கண்ணால் காட்டிய ஒரு வரியில் சுகிர்தம் விரலை வைத்தாள். "இத்த போடு. உன்னப் பத்தித்தான் சொல்லிகீறான். நீயே படிச்சுப் பாரு, இங்கிலீஷ் வாத்தியாராச்சே."

மாரியப்பன் உதட்டை அசைத்தான். புருவத்தை உயர்த்தினான். "ஆகா! இன்னா ஷோக்கா எழுதிகீறான்! பெரிய எழுத்துல போட்ரலாம்."

தெருமுனையில் தாரை தப்பட்டையோடு பேனரின் துணி விலகியது. கைதட்டல் காதைப் பிளந்தது. மாரியப்பன் மார்பை நிமிர்த்தினான். "பாய், ஜனங்களுக்குப் புரியற மாதிரி தமிழ்ல அட்ச்சு வுடு!"

கமாலுதீன் சுகிர்தத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவர் கனைத்துக்கொண்டார்.

"'தினமும் நாலு மணி நேரம் வாத்தியார் தூங்கும் ஒரு பள்ளியில், தானாகவே இவ்வளவு படித்த மாணவியை எங்கள் பல்கலைக்கழகம் இதுவரை பார்த்ததில்லை.'"

தப்பட்டை நின்றது. அப்புறம் தெருவே வெடித்துச் சிரித்தது. மாரியப்பன் பாய்ந்துபோய்ப் பேனர் கயிற்றைப் பிடித்தான்.

"கைய எடுய்யா," என்றாள் சுகிர்தம். "ஒரு வாரத்துக்கு பர்மிஷன் வாங்கிகீறேன்."