பாதுகாப்பாக நிரப்பப்பட்ட ஸ்கூட்டர்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததைப் பெரிய சாதனை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது ஒன்றும் பெரிய காரியமில்லை. இரண்டு கல்லும், வேலைவெட்டி இல்லாத ஒரு சாயங்காலமும் போதும். அந்த நெருப்பைச் சின்ன ஓட்டை வழியாக, ஒரு சொட்டுச் சிந்தாமல், ஸ்கூட்டரின் வயிற்றுக்குள் ஊற்றி, மூடி போட்டு, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து வேலைக்குப் போகக் கற்றுக்கொண்டானே, அதுதான் சாதனை. அந்தச் சாதனையை மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, முறைப்படி செய்துகாட்டிய முதல் சுமைதூக்கி என்ற பெருமை வாத்தியாருக்கே உரியது.

வாத்தியார் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாத்தியார் இல்லை. சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். தலை நரைத்த பிறகு மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டார். கற்ற நாளிலிருந்து கண்ணில் பட்ட எழுத்தை உயிரோடு விட்டதில்லை. முதுகில் மூட்டையை ஏற்றியதும், முன்னால் போகிறவன் முதுகிலிருக்கும் மூட்டையில் அச்சடித்திருப்பதை வாய்விட்டு வாசிப்பார். “ஈ-ர-மா-ன இ-டத்-தில் வைக்-கா-தீர்...” அவர் ‘தீர்’ வரை வந்து சேர்வதற்குள் பின்வரிசை மொத்தமும் பாரத்தோடு நின்றுவிடும். அவர்கள் ஆத்திரத்தில் வைத்த பெயர்தான் ‘வாத்தியார்’. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

பெட்ரோல் பங்கில் அவர் நடந்துகொள்ளும் விதம் தனி. அங்கே ஒரு பலகையில் விதிமுறைகள் எழுதியிருக்கும். உலகத்தில் அதை வாசித்தவர்கள் இரண்டே பேர்: எழுதிய பெயிண்டர், அப்புறம் வாத்தியார். வண்டியை அணைப்பார். இறங்குவார். நடு ஸ்டாண்டில் நிறுத்துவார். கைபேசியை அணைப்பார். மீட்டரில் பூஜ்யம் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டு, எதையும் விட்டுவிடவில்லையே என்று பலகையை மறுபடி முதலிலிருந்து வாசிப்பார்.

“பெரியவரே, பெட்ரோல் போட வந்தீங்களா, பரீட்சை எழுத வந்தீங்களா?” என்று பின்னாலிருந்து கேட்பார்கள்.

“படிச்சதுனாலதான் கேக்குறேன், நீங்க வண்டிய விட்டு எறங்கலியே தம்பி,” என்பார் வாத்தியார்.

ஒருநாள் இந்தக் காட்சியை வரிசையில் நின்ற காருக்குள்ளிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கிடங்குக்குப் புதிதாக வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி. வந்ததிலிருந்து கிடங்கில் ஒரு விபத்துகூட நடக்காததால் மனம் நொந்துபோயிருந்தவர். வாத்தியாரைக் கண்டதும் அவர் கண் கலங்கிவிட்டது என்று கார் ஓட்டுநர் பிற்பாடு சொன்னார்.

மறுவாரம் ‘எரிபொருள் பாதுகாப்பு வாரம்’ அறிவிக்கப்பட்டது. வாரத்தின் மகுடமாக, வெள்ளிக்கிழமை முற்பகல் பெரிய கொட்டகையில் ‘இருசக்கர வாகனத்துக்கு எரிபொருள் நிரப்பும் முறை: நேரடிச் செயல்விளக்கம்’. அதைப் பற்றி முடிவெடுக்க மேலாளர் அறையில் ஒரு கூட்டம் கூடியது. செயல்விளக்கம் செய்யப்போகிறவர் என்ற முறையில் வாத்தியாரையும் கூப்பிட்டிருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. நாற்காலி அவரை இரண்டு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து எழுந்துபோக அவருக்கு மனம் வரவில்லை. அன்று பேசப்பட்டவை எல்லாம் அந்த நாற்காலியின் சுகத்தோடு சேர்ந்தே அவர் காதில் விழுந்தன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

“வண்டி எது?” என்றார் மேலாளர்.

“கம்பெனி வண்டியை எடுத்தா தேய்மானம் எழுதணும் சார்,” என்றார் கணக்கர். “இவரோட ஸ்கூட்டர் ஏற்கெனவே தேஞ்சதுதான்.”

“பெட்ரோல்?”

பாதுகாப்பு அதிகாரி எழுந்து நின்றார். “சார், மூடிய இடத்துல, ஆட்கள் கூடியிருக்கறப்ப, எளிதில் தீப்பற்றும் திரவம் கொண்டுவரக் கூடாது. விதி. அதனால தண்ணி.”

அறை ஆழ்ந்த சிந்தனையில் மூழ்கியது. கணக்கர்தான் அதைக் கலைத்தார்.

“தண்ணிக்கு நெறம் கெடையாதே சார். பின்வரிசைக்கு எப்படித் தெரியும்?”

இதுவல்லவா கேள்வி. சிவப்பு என்றால் அபாயம், பச்சை என்றால் கட்சி, மஞ்சள் என்றால் யாராவது வேறு ஏதாவது நினைப்பார்கள் என்று வெகுநேரம் விவாதித்து, கடைசியில் நீல மை கலப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். டாங்கில் ஏற்கெனவே இருக்கும் பெட்ரோலை முன்னதாக வடித்து ‘பாதுகாப்பாக அப்புறப்படுத்தும்’ பொறுப்பு மேலாளரின் கார் ஓட்டுநருக்குத் தரப்பட்டது.

“உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?” என்று மேலாளர் வாத்தியாரைப் பார்த்துக் கேட்டார்.

வாத்தியார் வாயைத் திறந்தார். தண்ணீரை ஊற்றினால் வண்டி ஓடாது என்பது அவருக்குத் தெரியும். மழையில் நனைந்தாலே இருமுகிற வண்டி அது. ஆனால் ‘நீங்கள்’ என்று அழைத்து, சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிற ஓர் அறையில் போய் ஓட்டை ஸ்கூட்டரைப் பற்றிப் பேசுவதா?

“ரொம்ப நல்ல ஏற்பாடுங்க,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் மனைவி தலை வாரிக்கொண்டே நினைவுபடுத்தினாள். அவள் துணி தைக்கும் ஆலையில் மெஷின் மிதிக்கிறவள். மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்த பிறகு, போன வாரம்தான் அவளைக் கூப்பிட்டு, ஒரு வரிசைக்கு மேற்பார்வை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குத்தான் முதல் நாள்.

“ரெண்டு மணிக்கு ஆலை வாசல மூடிருவாங்க. இன்னிக்கு நான் உள்ள இல்லன்னா, அந்த எடத்துல நிக்க இன்னொருத்தி காத்துக்கிட்டிருக்கா. ஞாபகம் இருக்குல்ல?”

“ஒரு மணிக்கு வாசல்ல வந்து ஆரன் அடிக்கிறேன். நீ கெளம்பி நில்லு.”

“கூட்டம் கீட்டம்னு நிக்காதீங்க.”

“கூட்டமே என்னால தானேடி,” என்று வாத்தியார் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

கொட்டகையில் மேடை போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் துணிப் பதாகை. அதில் ‘செயல்விளக்கம் அளிப்பவர்’ என்று எழுதி, அதற்குக் கீழே வாத்தியாரின் முழுப் பெயரை அச்சடித்திருந்தார்கள். கூலிப் பட்டியலில் கோழி கிளறியதுபோல் எழுதப்பட்டு வந்த பெயர் அது. இப்போது ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. வாத்தியார் அதை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். வாசித்து முடித்ததும் மறுபடி வாசித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

அதே நேரத்தில் கொட்டகைக்குப் பின்னால், மேலாளரின் கார் ஓட்டுநர் ஸ்கூட்டரிலிருந்து வடித்த பெட்ரோலை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார். கார் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் கைபேசி. பெட்ரோல் கடைசிச் சொட்டு வரை மேலாளரின் காருக்குள் பத்திரமாக அப்புறப்படுத்தப்பட்டது.

முற்பகலுக்கு அறிவித்த செயல்விளக்கம் நண்பகல் தாண்டித்தான் தொடங்கியது. அதிகாரி ஒலிபெருக்கியில் விதியைச் சொல்ல, வாத்தியார் செய்தார்.

“இன்ஜினை அணைக்கவும்.”

டாங்க் காலியாக இருந்ததால் இன்ஜின் முன்பே அணைந்திருந்தது. இருந்தாலும் வாத்தியார் சாவியைப் போட்டு, திருப்பி, எடுத்துக் காட்டினார். கைதட்டினார்கள்.

“வண்டியிலிருந்து இறங்கவும்.”

அதற்காகவே ஒரு தடவை ஏறி, இறங்கினார். கைதட்டினார்கள்.

“கைபேசியை அணைக்கவும்.”

அணைத்தார். இந்த இடத்தில்தான் வீட்டு வாசலில் நின்ற அவர் மனைவி அவரைக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியின் தம்பி ஆலைப் பக்கம் ஆட்டோ கொண்டுபோகிறான், அதில் ஏறிக்கொள்ளட்டுமா, நீங்கள் வந்துவிடுவீர்களா என்று கேட்பதற்காக. கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. சொன்னால் சொன்னபடி வருகிற மனுஷன், வண்டியில் கிளம்பி வந்துகொண்டிருப்பதால்தான் அணைத்துவைத்திருக்கிறார் என்று நினைத்து, ஆட்டோவை அனுப்பிவிட்டாள்.

“மூடியைத் திறக்கவும்.”

திறந்தார். நீலத் தண்ணீர் நிறைந்த பீப்பாயிலிருந்து உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாய் வந்திருந்தது. அதன் முனையை டாங்கின் வாயில் வைத்தார் வாத்தியார். வைத்தவர் அப்படியே நின்றார். மேடைக்குக் கீழே முன்வரிசையில் ஊசி உட்கார்ந்திருந்தான். ஆள் ஒல்லியாக இருப்பதால் ஊசி. வாத்தியாரோடு ஒரே லாரியில் மூட்டை இறக்குகிறவன். அவன் எக்கி, வாயை மறைத்துக்கொண்டு கேட்டான்.

“அண்ணே, வண்டி ஒங்களோடது தானே?”

“ஏன்டா?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

“சும்மா இரு. மேடையில நிக்கிறேன்.”

“நான் சும்மாத்தான்ணே இருக்கேன். ஒங்களுக்குத் தெரியாததா.”

வாத்தியார் நிமிர்ந்து கொட்டகையைப் பார்த்தார். மூட்டை தூக்குகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், லாரியைப் பழுதுபார்க்கிறவர்கள், எடை போடுகிறவர்கள். வண்டியோடு பிறந்து வண்டியோடு வளர்ந்தவர்கள். எல்லாரும் மரியாதையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் மட்டும் ஏதோ கேட்க வருவதுபோல் கையைத் தூக்கினான். பிறகு அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

‘அப்புறம் வடிச்சுக்கலாம்,’ என்று வாத்தியார் தமக்குள் சொல்லிக்கொண்டார். குழாயைத் திறந்தார்.

“கழுத்து வரை நிரப்பக் கூடாது. சிந்தக் கூடாது.”

சிந்தவில்லை. விளிம்புக்கு ஒரு விரல் கீழே கச்சிதமாக நிறுத்தினார். அந்தக் கைப்பக்குவம் அவருக்கு இருந்தது. பின்வரிசை வரைக்கும் நீலம் தெரிந்தது. கணக்கர் எழுந்து நின்று கைதட்டினார்.

“மூடியை இறுக்கவும். உடனே இன்ஜினை இயக்கக் கூடாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு சிறிது தூரம் சென்ற பிறகே இயக்க வேண்டும்.”

வாத்தியார் வண்டியை மேடையிலிருந்து பலகைச் சரிவு வழியாக இறக்கி, கைதட்டலுக்கு நடுவே தள்ளிக்கொண்டு வெளியே போனார். கொட்டகை வாசலைத் தாண்டியதும் உதைத்தார். வண்டி ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி உதைத்தார். உள்ளே குளக்கரையில் எருமை மூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் வந்தது.

அவர் திரும்பி ஓடிவந்து அதிகாரியின் அருகில் நின்றார். “சார், தண்ணிய வடிக்கணும். வீட்டுக்காரி காத்துக்கிட்டிருக்கா.”

“வடிப்பது எரிபொருள் பாதுகாப்பில் வராதுங்க,” என்றார் அதிகாரி, பரிவோடு. “அது பராமரிப்பு. ‘பராமரிப்பு வாரம்’ அடுத்த மாசம். அதுவரைக்கும் பாருங்க, இந்தக் கிடங்குலயே தீப்பிடிக்க வாய்ப்பே இல்லாத வண்டி ஒங்களோடதுதான்.”

மெக்கானிக் வந்து பார்த்தான். டாங்கைக் கழற்றிக் காயவைத்து, கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டும், சாயங்காலம் ஆகிவிடும் என்றான். “எனக்கு அப்பவே தெரியும் வாத்தியாரே,” என்றும் சொன்னான்.

“தெரிஞ்சா சொல்லியிருக்கலாமே?”

“ஒங்க வண்டி. நீங்களே ஊத்துறீங்க. நான் யாரு சொல்றதுக்கு?”

வாத்தியார் வண்டியை அவனிடம் விட்டுவிட்டு நடந்திருக்கலாம். ஆனால் ஊர் பார்க்க மேடையில் நிரப்பிய வண்டியை நட்டாற்றில் விட அவருக்கு மனசு வரவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு சிறிது தூரம் செல்ல வேண்டும் என்ற விதியை அவர் அளவுக்குக் கடைப்பிடித்தவர்கள் இருக்க முடியாது. கிடங்குத் தெரு, மேம்பாலத்தின் அடி, மருந்துக்கடை வரிசை என்று வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டே போனார். வழியெல்லாம் கடைப் பலகைகள் இருந்தன. அன்றைக்கு அவர் ஒன்றையும் வாசிக்கவில்லை.

வீட்டு வாசலில் அவள் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். வண்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். செருப்பை இறுக்கிக்கொண்டு ஆலையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். வாத்தியார் பின்னாலேயே ஓடினார். முழங்கால் தேய்ந்தவள் எவ்வளவு வேகம் நடக்க முடியும். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆலையின் இரும்புக் கதவு மூடியிருந்தது. சின்ன ஜன்னலைத் திறந்த காவலாளி, “அந்த வரிசைக்கு வேற அம்மாவ நிக்க வச்சாச்சும்மா. நீங்க நாளைக்கு எப்பவும் போல மெஷினுக்கு வாங்க,” என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார்.

மறுநாள் கிடங்கில், செயல்விளக்கம் எவ்வித அசம்பாவிதமும் இன்றி நடந்து முடிந்ததைப் பாராட்டி, மேலாளர் கையால் வாத்தியாருக்கு ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டது. அவர் அதைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி மெஷின் மிதித்துவிட்டு வந்து, நேற்றைய நடையில் கொப்புளித்த காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் எதிரில் உட்கார்ந்து, விரல் வைத்து, ஓர் எழுத்தும் விடாமல் வாசித்துக் காட்டினார். கடைசியில் ‘முன்மாதிரித் தொழிலாளி’ என்று வந்தது.

“தண்ணின்னு தெரிஞ்சேதான் ஊத்துனீங்களா?” என்றாள்.

“ம்.”

“அங்க இருந்தவங்க?”

“அவங்களுக்கும் தெரியும்.”

அவள் காலை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். “அந்தக் கடைசி வார்த்தைக்கு என்னங்க அர்த்தம்?”

“ஒருத்தரப் பாத்து மத்தவங்களும் அதே மாதிரி நடந்துக்குவாங்கன்னு அர்த்தம்.”

“அப்போ சரியாத்தான் எழுதியிருக்காங்க,” என்றாள் அவள். “வண்டிக்காரரே வாயத் தொறக்கலன்னுதானே அத்தன பேரும் மூடிக்கிட்டு கைதட்டியிருக்காங்க.”