மான் தின்னாத பரண்

ஆர்லன் நடுவதற்கு வாங்கிய நாற்பது தேவதாருக் கன்றுகளில் முப்பத்தொன்பது மறுநாள் காலையில் மொட்டைக் குச்சிகளாக நின்றன. நாற்பதாவது தப்பியதற்குக் காரணம், அதை நட மறந்து வண்டியிலேயே விட்டிருந்ததுதான்.

கன்றுகள் நின்றது மாமனார் நிலத்தின் கிழக்குக் கோடியில், மாமியாரின் ஆப்பிள் மரங்களை ஒட்டியிருந்த அவனுடைய வேட்டைப் பரணைச் சுற்றி. நாலு கால்மேல் ஒரு மரப்பெட்டி. ஒரு சன்னல், ஒரு நாற்காலி. நவம்பரில் ஒன்பது நாள் துப்பாக்கியோடு அதில் உட்கார்ந்திருப்பான். இரண்டு வருடங்களாக உட்கார்ந்ததுதான் மிச்சம்.

மாமனார் நார்பர்ட் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது வருடமும் வெறுங்கையோடு வந்தால் கிழக்குப் பரண் மைத்துனன் டுவேனுக்கு. ஆர்லன் அதற்குப் பிறகு மற்றவர்கள் சுட்ட மானை வண்டிவரை இழுத்து வரலாம். டுவேனுக்கு ஏற்கெனவே ஓடைக்கரையில் ஒரு பரண் உண்டு. வருடம் தவறாமல் அங்கே ஒரு கிடா மானைச் சுட்டான். அவன் வீட்டுக் கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் சுவரிலிருந்து ஏதாவது ஒரு தலை ஆர்லனை முறைத்தது.

ஆர்லன் பரணில் தூங்குகிறான் என்பது டுவேனின் கட்சி. மான்கள் தன்னைப் பார்த்துவிடுகின்றன என்பது ஆர்லனின் கட்சி. வேட்டைப் பத்திரிகை ஒன்றில் அவனுக்கு ஆதரவு கிடைத்தது. விவரமுள்ள வேட்டைக்காரன் மறைப்பைக் கட்டுவதில்லை, வளர்க்கிறான் என்று போட்டிருந்தது. தேவதாரு என்றால் வடக்கு விஸ்கான்சின் மான் உயிரை விடும் என்று அதில் போடவில்லை.

மனைவி மார்லிஸ் குச்சிகளைப் பார்த்தாள்.

"மான் உன் பரண் காலடிவரைக்கும் வந்து தின்னுட்டுப் போயிருக்கு. அப்புறம் யாருகிட்டேர்ந்து ஒளியணும்?"

"உனக்கு வேட்டை தெரியாது."

"தெரியாதுதான். ஆனா விருந்துக்கு வந்தவங்ககிட்டேர்ந்து ஒளிஞ்சுக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

ஆர்லன் அறுபது கன்று வாங்கி நட்டான். இந்த முறை ஏமாறவில்லை. சுற்றிலும் ஆளுயரத்துக்குக் கம்பிவலை அடித்தான். மானுக்காகக் காத்திருக்கும் இடத்தில் மான் நுழைய முடியாத வேலி. டுவேன் வந்து வேலியை ஒரு சுற்றுச் சுற்றினான். உள்ளே வர மானுக்கு டிக்கெட் உண்டா என்று விசாரித்தான். அக்டோபரில் வேலியைப் பிரித்துவிடுவேன் என்று ஆர்லன் பொறுமையாக விளக்கினான். டுவேன் தலையாட்டிக்கொண்டே போய், வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊர் மதுக்கடையில் கூடிய கூட்டம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

ஜூனில் ஒரு பெண்மான் வேலியைத் தாண்டி உள்ளே குதித்தது. வெளியே வரத் தெரியவில்லை. இரண்டு நாள் தங்கிச் சாப்பிட்டது. அது வேட்டைக் காலம் இல்லை, சுட்டால் வழக்கு. ஆர்லன் வேலிக்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அதனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

நாற்றுப்பண்ணைக்குப் போனான். அங்கிருந்த பெண் ஒரு மருந்தை எடுத்து வைத்தாள். அழுகிய முட்டை, பூண்டு, காய்ந்த ரத்தம். தெளித்த இடத்துப் பக்கம் மான் தலைவைத்துப் படுக்காது என்றாள்.

"காய்கறித் தோட்டமா?" என்று கேட்டாள்.

"வேட்டைப் பரண்."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "மானைச் சுடற பரணா?"

"ஆமா."

"இதைத் தெளிச்சா மான் வராதே."

"வரட்டும். செடியத் தின்னாம இருந்தாப் போதும்."

"வந்தாத்தானே சார் தின்னும்."

வியாபாரம் தெரியாதவள் என்று ஆர்லன் முடிவுகட்டினான். இருந்த டப்பா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தெளிக்கச் சொல்லி டப்பாவில் போட்டிருந்தது. அவன் இரண்டு நாளுக்கு ஒருமுறை தெளித்தான். மார்லிஸ் அவனை வீட்டுக்குள் விடுவதை நிறுத்தினாள். வண்டிக்கொட்டகையில் உடைகளைக் கழற்றி, தோட்டக்குழாயில் குளித்துவிட்டு வரவேண்டும். அப்படியும் சாப்பாட்டு மேசையில் அவனுக்குச் சன்னலோர இடம்தான்.

ஆனால் செடி வளர்ந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. புதுக் கன்றுகள் தளதளவென்று கிளம்பின. இடைவெளியில் சோளம் விதைத்தான். பரண் கால்களில் கொடி ஏற்றினான். ஆகஸ்டு முடிவதற்குள் பரணைக் காணோம். ஆர்லன் பெருமையாக மார்லிஸை அழைத்துப்போய்க் காட்டினான். பிறகு ஏறுவதற்கு ஏணியைத் தேடினான். இருவரும் சேர்ந்து தேடினார்கள்.

உள்ளே உட்கார்ந்து பார்த்தால் சன்னலில் இலைதான் தெரிந்தது. கத்தரியால் ஒரு முகம் அளவுக்கு வெட்டினான். அதன் வழியே சோளம் தெரிந்தது. சோளத்தை வெட்டினான். தேவதாரு தெரிந்தது. அதை வெட்ட மனம் வரவில்லை. பெற்ற பிள்ளைபோல வளர்த்தது.

அக்டோபரில் வேலியைப் பிரித்தான். அப்போதுதான் மருந்து ஒரு சிக்கலாகத் தோன்றியது. தெளிப்பதை நிறுத்தினால் நவம்பருக்குள் மறைப்பை மான் தின்றுவிடும். தெளித்தால் மான் வராது. ஆர்லன் இரண்டு இரவு யோசித்தான். மறைப்பில்லாமல் எப்படி வேட்டை? தெளித்தான்.

வேட்டை தொடங்கிய காலையில், சட்டம் சொன்னபடி, மைல் தூரத்திலிருந்து கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுக் கோட்டும் ஆரஞ்சுத் தொப்பியும் போட்டுக்கொண்டு தன் பச்சை மறைப்புக்குள் ஏறினான்.

முதல் நாள் ஒரு அணில் வந்தது. மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனது. நான்காம் நாள் காற்று எழுந்து காய்ந்த சோளத்தட்டை சலசலத்தது. மான் வருகிறது என்று ஆர்லன் ஆறு முறை துப்பாக்கியைத் தூக்கினான். ஒன்பதாம் நாள் அந்தியில் இறங்கும்போது கொடி காலைச் சுற்றிக்கொண்டது. தலைகீழாகத் தொங்கினான். அந்த நிலையிலும் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். ஒன்றுமில்லை.

டுவேன் முதல் நாளே பத்துக் கிளைக் கொம்புள்ள கிடாவைச் சாய்த்திருந்தான்.

"உன் பக்கத்துலேர்ந்துதான் மச்சான் வந்துச்சு," என்றான். "நடந்து வரல. இருமிக்கிட்டே ஓடி வந்துச்சு."

ஒன்பதாம் நாள் ராத்திரிச் சாப்பாடு மாமனார் வீட்டில். ஆர்லன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். டுவேன் வீட்டு மான்கறித் தொத்திறைச்சியை மட்டும் ஓரமாக ஒதுக்கினான். தனக்கு வரப்போகிற பரணில் எந்தச் செடியை முதலில் வெட்டுவது என்று டுவேன் மார்லிஸிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தான். மார்லிஸ் மேசைக்கடியில் புருஷனின் முழங்காலை ஒருமுறை தட்டினாள். பிறகு கையை முகர்ந்து பார்த்தாள்.

நார்பர்ட் பிராந்தியை முடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்தார்.

"மூணு வருஷம். பேச்சுன்னா பேச்சு. கிழக்குப் பரண் டுவேனுக்கு."

"கொஞ்சம் நில்லுங்க."

மாமியார் இர்மா. மூன்றாவது ஆப்பிள் கேக்கோடு சமையலறை வாசலில் நின்றாள். வேட்டைப் பேச்சில் அவள் வாய்திறந்து யாரும் கேட்டதில்லை. கேக்கை டுவேனைத் தாண்டிக் கொண்டுபோய் ஆர்லன் முன்னால் வைத்தாள்.

"மாப்பிள்ளைதான் அங்க இருக்கணும். உங்க பிள்ளை வருஷத்துக்கு ஒரு மானைச் சுட்டான், மிச்சம் பூராவும் என் ஆப்பிளத் தின்னுச்சு. இவரு ஒரு குண்டு செலவில்லாம அம்புட்டையும் விரட்டிட்டாரு."