தட்டும் ஓசை பற்றிய பத்து வார ஆய்வு

மனித குலம் மூவாயிரம் ஆண்டுகளாகத் தவறாகப் படித்துவந்த ஒரு வரியை எங்கள் மாலை வகுப்பு பத்தே வாரங்களில் சரியாகப் படித்து முடித்தது. அந்த வகுப்பின் குறிப்பெழுத்தாளன் நான். தேதி, நேரம், வந்தவர்கள், பேசியவை எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன. முதல் வாக்கியம் மிகையோ என்று சந்தேகம் வந்து மூன்று முறை அடித்து எழுதினேன். மூன்று முறையும் அதேதான் வந்தது.

பழமறையின் அந்த வரி இது: 'வாசலில் நிற்பவன் தட்டினால் எழுந்து போய்த் திற.'

வகுப்பின் பெயர் 'பன்முகப் பண்பாட்டு நோக்கில் பழமறை'. நூலகத்தின் இரண்டாம் மாடியில் ஒரு அறை, பதினான்கு நாற்காலிகள். பதின்மூன்று பேர் ஒரே ஊர், ஒரே மொழி. பதினான்காமவர் ரொட்டிக்கடையில் வேலை செய்யும் வெளிநாட்டுக்காரர். அவர் ஒருவர்தான் எங்கள் 'பன்முகம்'. ஆசிரியை முதல் நாளே அவரை ஜன்னலோரம் நிறுத்திப் படமெடுத்தார். மறுவாரம் விளம்பரத் தாளின் அட்டையில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கும் வகுப்பு தேவைப்பட்டது. மனைவியையும் மகளையும் இங்கே அழைத்துக்கொள்ள, மூன்று மாதத்துக்குள் ஏதாவது ஒரு மாலை வகுப்பின் சான்றிதழைக் கொண்டுவரும்படி குடியேற்ற அலுவலகம் சொல்லியிருந்தது. மகளுக்கு ஏழு வயது. அவள் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

சிக்கல் இரண்டாம் வாரம் வந்தது. வகுப்பு ஆறு மணிக்கு. கடையில் அவர் வேலை முடிவதும் ஆறு மணிக்கு.

"பாதியில யாராவது கதவைத் திறந்தா என் சிந்தனையே அறுந்துபோகுது," என்றார் பல் டாக்டர்.

"இடையூறு இல்லாம கேக்கறதுதான் பன்முகத்துக்கு முதல் படி," என்றார் ஆசிரியை.

ஆறு மணிக்குத் தாழ்ப்பாள் போடுவதென்றும், மூன்று முறை தவறியவர் பெயரை நீக்குவதென்றும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பதினான்காமவர் அப்போது படியேறிக்கொண்டிருந்தார்.

பிறகு ஆய்வு சூடுபிடித்தது.

"'நிற்பவன்'னு ஏன் சொல்லணும்? உக்காந்திருக்கிறவங்களை ஒதுக்கற மாதிரி இல்ல?" என்றார் வக்கீலம்மா.

"தட்டறதே எல்லாப் பண்பாட்டுலயும் கிடையாது. சில இடங்கள்ல குரல் கொடுப்பாங்க," என்றார் டாக்டர்.

"மேடம், அவரு ஊர்ல எப்படின்னு அவரையே கேக்கலாமே," என்றேன் நான்.

"தம்பி, ஒரு தனி மனுஷரைப் போய் அவர் பண்பாட்டுக்கே பிரதிநிதி ஆக்கறது அவமரியாதை இல்லையா?"

வெட்கமாகிவிட்டது. விளம்பரத் தாளின் மேலேயே நோட்டை வைத்து என் கேள்வியை அடித்தேன்.

யார் யாரையோ கெஞ்சி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, சட்டையில் மாவோடு ஓடி வருவார் அவர். ஐந்தாம் வாரம் தானாகவே கையை உயர்த்தினார்.

"எங்க ஊர்ல இதுக்கு அர்த்தம் கேக்க மாட்டாங்க. திறப்பாங்க."

"அதுவும் ஒரு கோணம்," என்று ஆசிரியை அதைப் பலகையில் பதினேழாவதாக எழுதினார்.

ஒன்பதாம் வாரத்துக்குள் அவர் இரண்டு முறை தவறியிருந்தார். இரண்டு முறையும் கதவு தட்டப்பட்டது. 'இடையூறு' என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டேன்.

கடைசி வாரம், ஆறு மணி நான்கு நிமிடம். படிகளில் ஓடி வரும் சத்தம். பிறகு தட்டும் சத்தம். டாக்டர் முகத்தைச் சுளித்தார். ஆனால் ஆசிரியையின் கண்கள் மின்னின.

"யாரும் அசையாதீங்க! கண்ணை மூடுங்க. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கேட்ட அதே சத்தம். உணருங்க!"

உணர்ந்தோம்.

"எவ்வளவு தனிமை!" என்றார் வக்கீலம்மா.

"ஒரு ஏக்கம் தெரியுது, மேடம்," என்றார் டாக்டர்.

"மேடம், நான்தான்!" என்றது வெளியே அவர் குரல். "பஸ் வரல, ஓடியே வந்தேன். இன்னிக்கு விட்டா பேரு போயிடும் மேடம்!"

"ஆகா, குரலும் சேருது பாருங்க," என்று கிசுகிசுத்தார் ஆசிரியை.

ஒன்பது முறை தட்டினார். (எட்டு என்று எழுதிவிட்டுத் திருத்தியிருக்கிறேன்.) பிறகு காலடி ஓசை மெதுவாகக் கீழே இறங்கியது. வக்கீலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

பதின்மூன்று சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. 'வகுப்பு முழு வெற்றி' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அதன் அட்டைக்கு ஆசிரியை அவருடைய பழைய படத்தையே போட்டார். சிரிப்பில் வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறதாம்.

அறிக்கையில் ஒரு விவரம் விட்டுப்போயிற்று. குறிப்பெழுத்தாளனின் நாற்காலி கதவோரம். சந்தேகம் தீர மறுநாள் அளவுகோலோடு போய், அதே நாற்காலியில் உட்கார்ந்து அளந்தேன். என் வலது கையிலிருந்து தாழ்ப்பாள் முப்பத்திரண்டு சென்டிமீட்டர். மறை சொல்வதுபோல் எழுந்து போகக்கூடத் தேவையில்லை.