முட்டைக்கு அழுத மூக்குக்கண்ணாடிக்காரர்

கொரியாவின் குன்சான் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பியோ யோங்தே, நவம்பர் மாதத்தில் ஒரு நாள் காலைச் சாப்பாட்டின் நடுவே வீரசபதம் செய்தார்.

"மலையே பேர்ந்து வந்து கூப்பிட்டாலும் காதல் படத்துக்கு வரமாட்டேன். இதான் என் முடிவு."

மனைவி கும்ஜு சூப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். "மலை எதுக்குக் கூப்பிடுது? நான்தான் கூப்பிடறேன். வர்ற ஞாயித்துக்கிழமை. கைபேசியில வாராவாரம் வந்த படக்கதையாம். ஊரே படிச்சு அழுதுச்சு. இப்ப சினிமாவா எடுத்திருக்காங்க."

"நீயும் கைபேசியிலயே படிச்சுக்க வேண்டியதுதானே?"

"உங்க கடைக் கண்ணாடியை மாட்டிக்கிட்டா சின்ன எழுத்து எங்க தெரியுது? பெரிய திரையில பார்த்தாலாவது தெரியுமான்னுதான்."

இது தொழிலின் மேல் விழுந்த அடி. யோங்தே காதில் வாங்காத மாதிரி சோற்றைக் கிளறினார். "ஞாயித்துக்கிழமை நான் மீன் பிடிக்கப் போறேன்."

"பிடிக்கிறேன் பிடிக்கிறேன்னு நீங்களும் போறீங்க. மீனுக்குத்தான் உங்களைப் பிடிக்கல."

அவர்கள் இருவரும் சேர்ந்து கடைசியாகக் கொட்டகைக்குப் போனது மகள் தயுன் பிறப்பதற்கு முன்னால். தயுன் இப்போது சியோலில் வேலை பார்க்கிறாள். கும்ஜு அதைச் சொல்லிக்காட்டவில்லை. ஒன்றுமே சொல்லாமல் மேசையைத் துடைத்தாள். யோங்தேக்கு அதுதான் பயமாக இருந்தது. கத்துகிற கும்ஜுவைச் சமாளித்துவிடலாம். துடைக்கிற கும்ஜுவை முடியாது.

பக்கத்து மருந்துக்கடை பாங் தோக்மானிடம் யோசனை கேட்டார்.

"இதுக்குப் போயா முழிக்கிறீங்க அண்ணே? கதை எப்படி முடியுதுன்னு சொல்லிடுங்க. முடிவு தெரிஞ்ச படத்துக்கு எந்தப் பொம்பளை போவா?"

"எனக்கே தெரியாதேடா."

"கைபேசியில இருக்கே. கடைசிப் பகுதியை மட்டும் படிங்க. ஒரு நிமிஷ வேலை."

யோங்தே கடையில் உட்கார்ந்து கடைசிப் பகுதியைத் திறந்தார். மழை. பஸ் நிறுத்தம். நூடுல்ஸ் கடைக்காரன் ஒருவன் கையில் அவித்த முட்டையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறான்.

"முட்டைக்கு எவனாவது அழுவானா?" என்றார் யோங்தே, ஆளில்லாத கடையைப் பார்த்து.

ஏன் அழுகிறான் என்று பார்க்க முந்தின பகுதியைத் திறந்தார். அது புரிய அதற்கு முந்தினது. இப்படிப் பின்னாலேயே போய்ப் போய், சரி, ஆரம்பத்திலிருந்தே படித்துத் தொலைப்போம் என்று முதல் பகுதிக்கு வந்து சேர்ந்தார். கதாநாயகி பஸ் ஓட்டுகிறவள். கடைசி நிறுத்தத்தில் நூடுல்ஸ் கடை. வாயைத் திறந்து காதலைச் சொல்லத் தெரியாதவன், தினமும் அவள் கிண்ணத்தில் கேட்காமலே ஒரு முட்டை வைக்கிறான். அவளுக்கு முட்டை வாசனையே ஆகாது. அவன் மனசு நோகுமே என்று தினமும் விழுங்கித் தொலைக்கிறாள். அவளுக்கு வேறு வழித்தடம் மாற்றிவிட்ட பிறகுதான் அவனுக்கு விஷயம் தெரிகிறது.

அடுத்த நாள் மத்தியானம் கண் பரிசோதனைக்கு வந்த ஒரு அம்மாள் கடைக்காரரையே உற்றுப் பார்த்தாள்.

"ஐயா, உங்க கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? நான் வேற கடைக்குப் போகட்டுமா?"

"உட்காருங்கம்மா. ஒண்ணுமில்ல. முட்டை."

"கண்ணுல முட்டையா?"

அன்று சாயங்காலம் சாப்பாட்டில் யோங்தே குண்டைப் போட்டார். "தயுன் அம்மா, கேட்டுக்க. அவ வேற ஊர் பக்கம் போயிடறா. அவன் மழையில தனியா நிக்கிறான். கதை தீர்ந்தது. இனி என்ன பார்க்கப் போற?"

கும்ஜுவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "சொல்லிட்டீங்களே, பாவி மனுஷா! அப்ப நான் போகல."

வெற்றி! யோங்தே தூண்டிலை எடுத்துத் துடைக்க உட்கார்ந்தார். அடுக்களையிலிருந்து கும்ஜு மாடி வீட்டுக்காரியோடு போனில் பேசுகிற சத்தம் வந்தது.

"நீ வேணா பாரேன், முடிவு தலைகீழா மாறப்போகுது... ஆமாங்கறேன்."

யோங்தேயின் கை தூண்டிலில் நின்றது. மாறப்போகிறதா? அப்படியானால் அவள் திரும்பி வருகிறாளா? அந்தப் பாவி வாயைத் திறந்து சொல்லிவிடுகிறானா?

"எ... என்ன மாறுதாம்?" என்று வாசற்படியில் போய் நின்றார்.

"எனக்கென்ன அது? நான்தான் போகலியே."

"அப்படி ஒரேயடியாச் சொல்லாத. போனாத்தான் என்ன?"

"உங்களுக்கு மீன் இருக்கே."

"மீன் எங்க போயிடும்? கடல்லயேதான் கெடக்கும்."

கும்ஜு ரொம்ப யோசித்தாள். "சனிக்கிழமை எங்கம்மா வீட்டுல குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடறாங்க. கோஸ் மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு. உப்புப் போட ஆளில்ல. அதை விட்டுட்டு நான் எப்படி மறுநாள் சினிமாவுக்குக் கிளம்புறது?"

மலை கூப்பிட்டது. யோங்தே போனார். சனிக்கிழமை முழுக்க மாமியார் முற்றத்தில் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, இடுப்பு ஒடிய ஒடிய, இலைக்கு இலை உப்புத் தடவினார். அவர் அந்த நூடுல்ஸ் கடைக்காரனைப் போல மௌனமாக வேலை செய்ததைப் பார்த்து மாமியாரே அசந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, கொட்டகை. கும்ஜு பாதிப் படத்திலேயே அவர் தோளில் சாய்ந்துவிட்டாள். இடுப்பு வலித்தாலும் யோங்தே அசையவில்லை. கடைசிக் காட்சி வந்தது. அதே மழை. அதே நிறுத்தம். அதே முட்டை. அவள் வரவில்லை. பெயர்ப் பட்டியல் ஓடி முடிகிற வரை பார்த்தார். அப்போதும் வரவில்லை.

விளக்கு போட்டார்கள். யோங்தே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி கழற்றினார்.

"முடிவு தலைகீழா மாறப்போகுதுன்னு சொன்னியே? ஒரு நூல்கூட மாறலையேடி!"

கும்ஜு கைக்குட்டையை நீட்டினாள்.

"நான் படத்தோட முடிவையா சொன்னேன், தயுன் அப்பா? உங்க முடிவைச் சொன்னேன்."