ஒரே காலையில் ஒரு கல்வியாண்டு

குழந்தைகள் எழுத்தை மட்டும் வாசித்தால் போதாது, படத்தையும் வாசிக்க வேண்டும் என்று மேலிடம் தீர்மானித்தபோது, எங்கள் அக்-துமான் பள்ளியில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மேலிடத்தை மறுக்கும் வழக்கம் எங்கள் மலைப்பக்கம் கிடையாது. துணைத் தலைமையாசிரியன் என்ற முறையில் நான் கூட்டம் கூட்டி, 'காட்சி மற்றும் எழுத்து வாசிப்புத் திறன்களை மின்னணுச் சாதனங்கள் வழியே மேம்படுத்தும் சிறப்புத் திட்டம்' என்ற முழுப் பெயரையும் ஒரே மூச்சில் வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

திட்டத்தோடு சக்கரம் வைத்த பெரிய தொடுதிரை ஒன்று வந்தது. அதை மூன்றாம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தினோம். திரை எரிந்தால் குளிர்காய வைத்த மின்சார அடுப்பு எரியாது. அடுப்பு எரிந்தால் திரை எரியாது. இதுகூடப் பரவாயில்லை. கோட்டு போட்டுக்கொண்டு படிக்க எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். திட்டத்தின் விதிதான் உயிரை வாங்கியது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு புகைப்படம் மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். பிள்ளைகள் திரையைப் பார்க்க வேண்டும், ஆசிரியர் திரையைச் சுட்ட வேண்டும், முகங்கள் மலர்ந்திருக்க வேண்டும். படம் இல்லாத பாடம் நடக்காத பாடமாகக் கருதப்படும்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை, எல்லோரும் அக்கா என்ற பொருளில் எஜே என்றழைக்கும் உமுத்கானுக்கு வேறொரு கவலை. மே மாதம் பாதியிலேயே அவர் பிள்ளைகளில் பாதிப்பேர் மந்தையோடு மேலே ஜைலூ மேய்ச்சல் நிலத்துக்குப் போய்விடுவார்கள். அதற்குள் ஒருவர் விடாமல் தானாக வாசித்தாக வேண்டும் என்பது அந்த அம்மாவின் பிடிவாதம்.

"அகாய், நான் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கவா, சிரிக்கச் சொல்லிக் கொடுக்கவா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க," என்று என் அறைக்கு வந்தார். ஆண் ஆசிரியர்களை அகாய் என்பது எங்கள் வழக்கம்.

"ரெண்டையும் சொல்லிக் கொடுங்க எஜே."

"இன்னிக்கு அக்தான் கண்ணை மூடிட்டான்னு திரும்பத் திரும்ப எடுத்ததுல பாடமே முடிஞ்சு போச்சு. ஒரு வரிகூட வாசிக்கல."

"படம் போகலைன்னா உங்க வேலை போகும். கூடவே என் வேலையும் போகும்."

"அப்ப ஒரு வருஷத்துப் படத்தையும் ஒரே நாள்ல எடுத்துத் தொலைச்சிடுங்க."

அவர் எரிச்சலில் சொன்னார். எனக்கு அது சிறந்த நிர்வாக யோசனையாகப் பட்டது.

அக்டோபரில் ஒரு காலை, தாய்மார்கள் மூட்டை மூட்டையாகத் துணி கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் செப்டம்பர் சட்டையில் சிரித்தார்கள், ஜனவரி ஆட்டுத்தோல் கோட்டில் வியர்த்துக்கொண்டே சிரித்தார்கள், மார்ச்சில் வரும் நூருஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு வெள்ளைத் தொப்பி வைத்துச் சிரித்தார்கள். மே மாதத்துக்கு அரைக்கை போட்டு நடுங்கினார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் கல்வியாண்டு இனிதே நிறைவுற்றது. அதன்பின் நான் பருவம் பார்த்துப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தேன், மாவட்டம் எங்களைப் பாராட்டிக்கொண்டிருந்தது.

எஜே திரையை மூலைக்குத் தள்ளினார். பிள்ளைகள் அதில் தொப்பியை மாட்டினார்கள். அவரிடம் சாக்கட்டியும், பழைய நாள்காட்டிப் படங்களும், ஒரு கேள்வியும் இருந்தன. யார் என்ன சொன்னாலும், "எதை வெச்சுச் சொல்ற?" என்பார். ஜைலூவுக்குப் போகுமுன் வகுப்பு முழுவதும் கடையின் மாவு மூட்டையிலிருந்த சின்ன எழுத்துவரை வாசித்துக் கடைக்காரரிடம் விளக்கம் கேட்டது. இது திட்டத்துக்கு வெளியே நடந்ததால் நான் கண்டுகொள்ளவில்லை.

மறு செப்டம்பரில் மாவட்ட அதிகாரி தலாய்பெக் ஒசோனோவிச் ஆய்வுக்கு வந்தார். ஆடு வெட்டினோம். பிறகு எல்லோர் முன்னிலையிலும் திறந்த வகுப்பு. கேள்வி கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும், தெரிந்தவர் வலக்கை, தெரியாதவர் இடக்கை என்பது எங்கள் பள்ளிகளின் நெடுநாள் மரபு. அதிகாரியும் முன்னாள் ஆசிரியர்தான். வலக்கையாகப் பார்த்து சைக்கல் என்ற சிறுமியை எழுப்பினார். திரையில் எங்கள் மே மாதப் படம் தெரிந்தது.

"சொல்லும்மா, இதுல என்ன தெரியுது?"

"எங்க வகுப்பு. மே மாசக் கடைசின்னு கீழ எழுதியிருக்கு."

"பலே. எழுத்தையும் வாசிக்குது, படத்தையும் வாசிக்குது."

"ஆனா இது மே மாசம் இல்ல, அகாய்."

"எதை வெச்சுச் சொல்ற?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. உமுத்கான் எஜேதான். பழக்கதோஷம்.

"ஜன்னலுக்கு வெளிய பாப்லர் மரத்து இலை மஞ்சளா இருக்கு. அக்தான் முன்வரிசையில உக்காந்திருக்கான். ஆனா மே கடைசியில அவனும் நானும் ஜைலூவுல இருந்தோம். நீங்ககூட எங்க கூடாரத்துக்கு வந்து குதிரைப்பால் குமிஸ் குடிச்சீங்களே, அகாய்."

அதிகாரி என்னை வெளியே அழைத்துப் போனார்.

"எல்லாப் பள்ளிக்கூடமும் இப்படித்தானே எடுக்குது?"

"எனக்கு எப்படித் தெரியும் ஐயா?"

"எனக்குத் தெரியும். ஆனா ஒரு வருஷமா எங்க ஆபீஸ்ல எவன் கண்ணுலயும் படாதது இந்தப் பொண்ணு கண்ணுல பட்டிருக்கு. நாளைக்குத் தலைநகர்ல ஒருத்தன் இப்படி வாசிச்சா என் கதி என்ன?"

அவர் சாப்பிட்டார், யோசித்தார், மறுபடி சாப்பிட்டார். ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. சைக்கல் 'காட்சி வாசிப்பு முன்னோடி மாணவி'. இப்போது வெள்ளிக்கிழமைகளில் அலுவலகக் கார் வந்து அவளை அழைத்துப் போகிறது. மாவட்டத்தின் எல்லாப் படங்களும் அவள் பார்த்த பிறகே தலைநகருக்குப் போகும். "இதுல கடிகாரத்தை மாத்த மறந்துட்டாங்க", "மார்ச்சுனு போட்டிருக்கு, ஜன்னல்ல ஈ உக்காந்திருக்கு, அந்தக் குளிர்ல ஈ ஏது?" என்பாள். அந்தப் பள்ளி உடனே திருத்தி எடுத்து அனுப்பும். இதுவரை ஒரு படமும் திரும்பி வந்ததில்லை. சைக்கலின் பெற்றோருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் இதுக்கா சொல்லிக் கொடுத்தேன்?" என்று எஜே என்னிடம் கேட்டார்.

அவருக்குப் பதக்கம் கிடைத்தது. விழாவில் அதிகாரி, பெற்றோர், நான் எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். எடுத்ததை முறைப்படி சைக்கலிடம் காட்டினோம்.

"ஒரு தப்பு இருக்கு. எல்லாரும் சிரிக்கிறாங்க. எஜே மட்டும் அழுற மாதிரி இருக்கு," என்றாள்.

எஜேயைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் என்றேன். அவர் பதக்கத்தோடு சட்டகத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டார். மறுபடி எடுத்தோம். சைக்கல் நெடுநேரம் பார்த்துவிட்டு, இப்போது சரியாக இருக்கிறது என்றாள்.